டாம்பால முதல் ஹரிகேன் சீசன், ஊர்ல இருந்து அம்மா அப்பாவும் வந்திருக்காங்க, என்னென்ன ரெடி பண்ணணும்?

தஞ்சாவூர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இந்த ஜனவரிலதான் ஒஹாயோல இருந்து டாம்பாவுக்கு மாறி வந்தோம், அவருக்கு இங்க வேலை. ஸ்னோ வந்தா என்ன பண்ணணும்னு தெரியும், ஹரிகேன் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. வாடகை டவுன்ஹவுஸ், கீழ ஹாலும் கிச்சனும் ஒரு ரூமும், மேல ரெண்டு பெட்ரூம், டாம்பா பே (கடல் விரிகுடா)-ல இருந்து ரெண்டு மைல் இருக்கும். ரெண்டு பசங்க, சின்னவனுக்கு ஒன்றரை வயசு. அம்மா அப்பா அக்டோபர் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பாங்க. அம்மா இன்சுலின் போட்டுக்கறாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏற்றதே கஷ்டம்னு கீழ ரூம்லயே படுத்துக்கறார்.

வீட்டு ஓனர்கிட்ட கேட்டா டாம்பாவுக்கு நூறு வருஷமா எதுவும் நேரா வந்ததில்ல, பயப்படாதீங்கன்னு சொல்றார். பக்கத்து வீட்டுல தண்ணி கேஸ் கேஸா அடுக்கி வச்சிருக்காங்க, அதப் பாத்ததுல இருந்து எனக்கு வயித்தக் கலக்குது. எவ்வளவு தண்ணி வாங்கணும், ஜன்னல்ல டேப் ஒட்டணும்னு சொல்றாங்களே அது சரியா, ஜெனரேட்டர் வேணுமா, எல்லாத்துக்கும் மேல எந்த நேரத்துல வீட்ட விட்டுக் கிளம்பணும், இருக்கலாமா போகணுமான்னு எப்படி முடிவு பண்றதுன்னு அனுபவப்பட்டவங்க யாராவது விளக்கமா சொல்லுங்களேன். வயசானவங்களையும் கைக்குழந்தையையும் வச்சுக்கிட்டு கடைசி நிமிஷத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் இப்பவே கேக்கறேன்.

---

பினெல்லஸ்_குமரன்:

சிஸ்டர், தண்ணி பாட்டில அடுத்த வாரம் கூட வாங்கிக்கலாம். இன்னைக்கு ராத்திரியே பண்ண வேண்டிய ஒரே வேலை, ஹில்ஸ்பரோ கவுண்டி வெப்சைட்ல உங்க அட்ரஸ போட்டு உங்க எவாக்குவேஷன் ஜோன் என்னன்னு பாக்கறது. ஏ-ல ஆரம்பிச்சு ஈ வரைக்கும் இருக்கும், ஏ-தான் முதல்ல காலி பண்ண வேண்டிய இடம், எதுலயும் வராத இடமும் உண்டு. இன்ஷூரன்ஸ்காரங்க சொல்ற ஃபிளட் ஜோன் வேற, இது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஃபிளட் ஜோன் எக்ஸ்-னு (வெள்ள அபாயம் கம்மின்னு) போட்டிருக்கே நமக்கு ஒண்ணும் இல்லன்னு உக்காந்திருந்தவங்களப் பாத்திருக்கேன், அதே வீடு எவாக்குவேஷன் ஜோன் ஏ-ல இருந்துச்சு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் 2024 செப்டம்பர் 26 ராத்திரி என் வீட்டுல இருந்தேன். ஹெலின் வந்த நாள். புயல் எங்களுக்கு நூறு மைலுக்கு மேல தள்ளி கடலுக்குள்ளயே வடக்க போயிட்டு இருந்துச்சு, கரை ஏறினது ஃப்ளோரிடாவோட வடக்குக் கடலோரம், பிக் பெண்ட் பக்கம் பெர்ரி கிட்ட. இங்க காத்து அடிச்சுது ஆனா கூரை பறக்கற காத்து இல்ல, கரண்ட் கூட இருந்துச்சு. காத்து இவ்வளவுதானேன்னு நானும் வீட்டுக்காரியும் பசங்களத் தூங்க வச்சுட்டு டிவி பாத்துட்டு இருந்தோம். பத்து மணிக்கு மேல பாத்ரூம் ஷவர்ல கீழ இருக்கற ஓட்டை குபுகுபுன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது, என்னன்னு போய்ப் பாக்கறதுக்குள்ள கராஜ் கதவுக்கு அடியில கறுப்பா தண்ணி கோடு மாதிரி உள்ள வந்துடுச்சு. அரை மணி நேரத்துல முட்டி அளவு. ஃப்ரிட்ஜ் அப்படியே சாஞ்சு மிதந்துச்சு, அரிசி மூட்டை ஊறி வெடிச்சு ஹால் முழுக்க அரிசி, சாமி அலமாரில கீழ் தட்டுல வச்சிருந்த எங்க பாட்டி கொடுத்த குத்துவிளக்கு சேத்துக்குள்ள போயி மூணு நாள் கழிச்சுத்தான் கெடச்சுது. கழுத்தளவு வரைக்கும் வராம போச்சு, அதுக்கு அந்தக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்லணும். டாம்பா பே பக்கம் அன்னைக்கு கடல் வழக்கமா ஏறற மட்டத்தவிட (ஹை டைட்) 6 அடிக்கு மேல ஏறிச்சு. எங்க பினெல்லஸ் கவுண்டில மட்டும் பத்துப் பேருக்கு மேல இறந்தாங்க, அதுல நெறைய பேர் போகச் சொன்ன ஜோன்ல போகாம வீட்டுக்குள்ளயே தண்ணில மாட்டினவங்க.

அதனால கேட்டகரி நம்பர வச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த நம்பர் காத்து வேகத்த மட்டும்தான் சொல்லும், மணிக்கு 74 மைல்ல ஆரம்பிச்சா கேட்டகரி 1, 157 தாண்டினா 5. தண்ணி எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும், ரெண்டும் அதுல கிடையாது. டிவில காட்டற அந்தக் கூம்பு மாதிரி படமும் அப்படித்தான், புயலோட நடு மையம் போற பாதைய மட்டும்தான் அது காட்டுது, அதுவும் மூணு தடவைல ரெண்டு தடவதான் மையம் கூம்புக்குள்ள இருக்கும். ஹெலினுக்கு நாங்க கூம்புக்கு வெளியில. 2022-ல இயன் வந்தப்போ டாம்பாவுக்குத்தான்னு எல்லாரும் இங்க பாத்துட்டு இருந்தாங்க, அது தெற்க திரும்பி ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போய் ஏறிடுச்சு, அங்க கடல் தண்ணி 10-ல இருந்து 15 அடி. நேஷனல் ஹரிகேன் சென்டர்ல ஸ்டார்ம் சர்ஜ்னு (புயல் தள்ளிட்டு வர்ற கடல் தண்ணி) தனி மேப் போடுவாங்க, அத பாருங்க. காலைல 5, 11, சாயந்திரம் 5, ராத்திரி 11-ன்னு நாலு வேளையும் புது அறிவிப்பு வரும், நடுவுல வாட்ஸ்அப்ல வர்றத படிச்சு மனச கெடுத்துக்காதீங்க.

ஓனர் சொன்ன நூறு வருஷக் கதைய பத்தி. 1921 அக்டோபர்ல வந்ததுதான் டாம்பா பே-ய நேரா அடிச்ச கடைசி பெரிய ஹரிகேன், அது உண்மை. ஆனா ஹெலின் போயி ரெண்டு வாரம் கூட ஆகல, அக்டோபர் 9-ம் தேதி மில்டன் வந்துச்சு. அது மெக்சிகோ வளைகுடால ஒரே நாளுக்குள்ள கேட்டகரி 1-ல இருந்து 5-க்குப் போச்சு, தெருவுல எல்லாம் ஹெலின்ல நாசமான சோஃபா மெத்தை மலை மலையா கெடக்குது, அடுத்தது வருது. கடைசில சரசோட்டா கிட்ட சியஸ்டா கீ-ல ஏறினதால காத்து எங்க பக்கத்துல தரையில இருந்து கடல் பாத்து அடிச்சு பே தண்ணி வெளிய போயிடுச்சு. கொஞ்சம் வடக்க ஏறியிருந்தா அதே காத்து கடலையே பே-க்குள்ள தள்ளியிருக்கும். அந்தக் கொஞ்ச தூரத்த நம்பி நீங்க அப்பாவ கீழ் ரூம்ல படுக்க வைக்கக் கூடாது.

எப்ப கிளம்பறதுன்னு கேட்டீங்க. உங்க ஜோனுக்கு ஆர்டர் வந்த அன்னைக்கே, வெளிச்சம் இருக்கறப்பவே. ஹரிகேன் வார்னிங்னா பலமான காத்து வர்றதுக்கு சுமார் 36 மணி நேரம் முன்னாடி குடுப்பாங்க, வாட்ச்னா 48. கேக்க நெறைய டைம் மாதிரி இருக்கும், ஆனா மில்டனுக்கு முன்னாடி இங்க பாதி பங்க்ல பெட்ரோலே இல்ல, ஐ-75-ல வண்டி ஊர்ந்துச்சு, காத்து ஏறினா ஸ்கைவேயும் மத்த பாலங்களும் மூடிடுவாங்க. எங்க போறதுன்னு கேட்டா ஜார்ஜியா வரைக்கும் ஓடணும்னு இல்ல. தண்ணிக்காகத்தான் ஓடறோம், காத்துக்கு உறுதியான கட்டடம் போதும். இருபது முப்பது மைல் உள்ள தள்ளி எந்த ஜோன்லயும் வராத, கான்கிரீட் பிளாக் சுவர் வச்ச ஃப்ரெண்ட் வீடு கெடச்சா அதுவே போதும். ஆனா அந்த வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே, ஜூன்லயே பேசி வச்சுடுங்க, ஆறு பேரோட திடீர்னு போய் நிக்க முடியாது. ஹோட்டல நம்பாதீங்க, புயலுக்குப் பேர் வச்ச மறுநாளே ஃபுல் ஆயிடும்.

டேப் வேண்டவே வேண்டாம். கண்ணாடி உடையறத அது தடுக்காது, உடைஞ்சா பெரிய பெரிய துண்டா விழும், அதான் நடக்கும். உங்க வீட்டுக்கு ஷட்டர் பேனல் இருக்கான்னு ஓனர கேளுங்க, பல வீட்டுல கராஜ் மூலையிலயே சாத்தி வச்சிருப்பாங்க, குடியிருக்கறவங்களுக்கே தெரியாது. ஒரு தடவ வெயில் நாள்ல மாட்டிப் பாருங்க, ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, நட் போல்ட் எல்லாம் இருக்கான்னு தெரிஞ்சுடும். பால்கனில துளசித் தொட்டி, க்ரில், பசங்க சைக்கிள் எல்லாம் உள்ள வரணும், அந்தக் காத்துல தொட்டி பறந்து போய் அடுத்த வீட்டு ஜன்னல உடைச்சுடும்.

---

ஹூஸ்டன்_பெரியப்பா:

குமரன் தம்பி தண்ணியப் பத்தி சொல்லிட்டார், நான் அதுக்கு அப்புறம் வர்றத சொல்றேன்ம்மா. புயல் ஒரு ராத்திரி. கரண்ட் இல்லாம இருக்கறது ஒரு வாரம்.

2024 ஜூலை 8 ஹூஸ்டனுக்கு பெரில் புயல் வந்தது வெறும் கேட்டகரி 1. எங்க ஊர்ல 20 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷனுக்கு கரண்ட் போச்சு, எங்க வீட்டுக்கு வர ஆறு நாள் ஆச்சு. வெளிய நூறு டிகிரி பக்கம் வெயில், வீட்டுக்குள்ள ராத்திரி கூட காத்து அசையல, என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு, ஈரத்துண்ட கழுத்துல சுத்திச் சுத்தி உக்கார வச்சோம், ரெண்டாவது நாள் சாயந்திரம் அவங்க பேச்சு கொஞ்சம் குழறினதும் எதையும் யோசிக்காம கார்ல ஏசியப் போட்டு ஆஸ்டின்ல இருக்கற மகன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அதனால புயலுக்கு முன்னாடி எங்க போறதுங்கறது ஒண்ணு, புயல் போன பின்னாடி கரண்ட் இல்லன்னா அம்மா அப்பாவ எங்க கொண்டு போறதுங்கறது இன்னொண்ணு, ரெண்டையும் முடிவு பண்ணி வைங்க. கார்ல பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழ எறங்க விடாதீங்க, சீசன் முழுக்க.

ஜெனரேட்டர் வாங்கறதா இருந்தா ஒரே ஒரு விஷயம், அத வீட்டுல இருந்து 20 அடி தள்ளி, புகை போற பக்கம் வீட்டப் பாக்காம வைக்கணும். கராஜ் கதவ தொறந்து வச்சுட்டு உள்ள ஓட்டறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆள எடுத்துடும். எங்க தெருவுலயே ஒரு குடும்பத்த ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன், நல்ல வேளையா பொழச்சுட்டாங்க. பேட்டரில ஓடற சிஓ அலாரம் மாடில ஒண்ணு கீழ ஒண்ணு கட்டாயம். சுவர் ப்ளக்ல ஜெனரேட்டர் வயர சொருகி வீடு முழுக்க கரண்ட் எடுக்கறாங்களே அது ரோட்டுல வேலை பாக்கற லைன்மேன கொன்னுடும். டவுன்ஹவுஸ்ல வெளிய வைக்கவே இடம் இருக்காது, அதனால உங்களுக்கு என் யோசனை ஜெனரேட்டர் வேண்டாம், பெரிய பேட்டரி பவர் ஸ்டேஷன் ஒண்ணு, ரெண்டு சின்ன ஃபேன், ஃபோன் சார்ஜ், அம்மாவோட இன்சுலினுக்கு சின்ன கூலர், இவ்வளவு ஓடினா போதும்.

ஃப்ரிட்ஜ தொறக்காம வச்சா நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் நிறைஞ்சிருந்தா ரெண்டு நாள், பாதி இருந்தா ஒரு நாள். கெளம்பறதா இருந்தா ஒரு டம்ளர் தண்ணிய ஃப்ரீசர்ல உறைய வச்சு மேல ஒரு காயின வச்சுட்டுப் போங்க, திரும்பி வர்றப்போ காயின் அடியில கெடந்தா எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்படியே குப்பைல போடுங்க. சாப்பாட்டுக்கு அவல், பொரி, சத்துமாவு, வறுகடலை, பால் பவுடர், ஊறுகாய், டின்ல வர்ற சுண்டல், நம்ம வீட்டுல அடுப்பே இல்லாம ஒரு வாரம் ஓட்டலாம். கேம்ப் ஸ்டவ்வ வீட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க, அதுலயும் அதே விஷவாயு.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். வாடகை வீடா இருந்தாலும் உங்க சாமானுக்கு ஃபிளட் இன்ஷூரன்ஸ் தனியா எடுக்கலாம், அரசாங்க திட்டத்துல சாமானுக்கு ஒரு லட்சம் டாலர் வரைக்கும். சாதாரண ரென்டர்ஸ் பாலிசில வெள்ளம் வராது. ஆனா எடுத்த நாள்ல இருந்து 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், புயல் வருதுன்னு தெரிஞ்ச பின்னாடி எடுத்தா பிரயோஜனம் இல்ல. 2017 ஹார்வி புயலுக்கு கடல்ல இருந்து ரொம்ப தூரத்துல இருந்த எங்க ஆளுங்க வீட்டுலயும் தண்ணி, வெறும் மழைத் தண்ணி, சில இடத்துல 60 அங்குலம். மேப்ல வெள்ளம் வராதுன்னு போட்டிருந்த தெருங்க.

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

அக்கா, அம்மாவோட இன்சுலின் பத்தி மட்டும். பிரிக்காத பென் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும், பிரிச்சு உபயோகத்துல இருக்கறது பெரும்பாலான வகைங்க ரூம் டெம்பரேச்சர்ல 28 நாள் தாங்கும், ஆனா வகைக்கு வகை மாறும், அட்டைப் பெட்டிக்குள்ள இருக்கற பேப்பர படிச்சு நாள எழுதி மேல ஒட்டிடுங்க. கரண்ட் போச்சுன்னு பதறிப் போயி ஐஸ் மேல நேரா வச்சுடாதீங்க, ஒரு தடவ உறைஞ்சுட்டா அது வேலைக்காகாது. துண்டுல சுத்தி ஐஸ் பேக் மேல படாம வைங்க. ஸ்ட்ரிப், ஊசி, மெஷினுக்கு எக்ஸ்ட்ரா பேட்டரி, சுகர் எறங்கினா குடுக்க ஜூஸ் பாக்ஸ், இதெல்லாம் ஒரே பைல. ஃப்ளோரிடால எமர்ஜென்சி அறிவிச்சா ரீஃபில் நாள் வராட்டியும் 30 நாள் மருந்து வாங்கிக்கலாம்னு சட்டமே இருக்கு, ஆனா அது இங்க பார்மசில இருக்கற பிரிஸ்கிரிப்ஷனுக்கு. அம்மாவுக்கு இந்தியா டாக்டர் சீட்டு மட்டும்தான் இருக்கும், அதனால இப்பவே இங்க ஒரு டாக்டர பாத்து ஒரு பிரிஸ்கிரிப்ஷன் வாங்கி வச்சுடுங்க. அப்பாவால நடக்க சிரமம்னா கவுண்டில ஸ்பெஷல் நீட்ஸ் ஷெல்டருக்கு முன்கூட்டியே ரிஜிஸ்டர் பண்ணலாம், யாரும் இல்லன்னா அது ஒரு வழி.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், நீங்க ஆறு பேர், ஏழு நாளைக்கு 42 காலன். ஃப்ளஷ் பண்றதுக்காக பாத் டப்ப ரொப்பி வைப்பாங்க, நல்ல யோசனைதான், ஆனா உங்க வீட்டுல ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கான். இருட்டு, பெரியவங்க எல்லாரும் வேற டென்ஷன்ல, டப் நிறைய தண்ணி. தயவுசெய்து டப்ப விட்டுட்டு மூடி போட்ட பக்கெட்ல புடிங்க.

புயல் முடிஞ்சு தெருவுல தேங்கி இருக்கற தண்ணில யாரையும் எறங்க விடாதீங்க, சாக்கடையும் அதுலதான், அறுந்த வயரும் அதுலதான். முக்கியமா அம்மா. சுகர் இருக்கறவங்களுக்கு கால்ல சின்னக் கீறல் போதும், கடல் கலந்த வெள்ளத்துல இருக்கற விப்ரியோ கிருமி ரெண்டு நாள்ல ஐசியூ வரைக்கும் கொண்டு போயிடும், இயனுக்கு அப்புறம் ஃப்ளோரிடால அந்த கேஸ் கூடிச்சு.

---

ஐ94_அண்ணாச்சி:

பேப்பர் விஷயத்த யாரும் சொல்லல. பாஸ்போர்ட், ஐ-797 (விசா அப்ரூவல் பேப்பர்), அம்மா அப்பாவோட பாஸ்போர்ட் விசா, பசங்க பர்த் சர்டிஃபிகேட், கல்யாண சர்டிஃபிகேட், லீஸ், எல்லாத்தையும் ரெண்டு ஜிப்லாக் பைக்குள்ள போட்டு கிளம்பற பைலயே வைங்க, ஃபோட்டோ எடுத்து கிளவுட்லயும் ஊர்ல அண்ணன் தம்பிக்கும் அனுப்பிடுங்க. பாஸ்போர்ட் நனைஞ்சு போனா ஃப்ளோரிடாவுக்கு அட்லாண்டா கான்சுலேட்தான், வயசானவங்கள வச்சுக்கிட்டு அந்த அலைச்சல் வேண்டாம். அப்புறம் ஃபோன்ல ஒவ்வொரு ரூமா கப்போர்டு தொறந்து வீடியோ எடுங்க, இன்ஷூரன்ஸுக்கு அதுதான் சாட்சி.

எச்-1பி வேலை விசால இருக்கறவங்களுக்கு ஃபெமா (அமெரிக்க அரசோட பேரிடர் உதவி அமைப்பு) பண உதவி கிடையாது, ஆனா வீட்டுல அமெரிக்கால பொறந்த குழந்தை இருந்தா அந்தக் குழந்தை பேர்ல அப்பா அம்மா அப்ளை பண்ணலாம். இது தெரியாம நம்ம ஆளுங்க நெறைய பேர் கேக்காமலே விட்டுடறாங்க. ஷெல்டர், சாப்பாடு, தண்ணி இதுக்கெல்லாம் யாரும் விசா கேக்க மாட்டாங்க, தைரியமா போங்க.

---

தஞ்சாவூர்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி அவரும் நானும் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சோம். அட்ரஸ போட்டுப் பாத்தேன், ஜோன் பி. ஓனர் சொன்னத நம்பி சும்மா இருந்திருப்போம். கடல்ல இருந்து உள்ள தள்ளி இருக்கற லேக்லேண்ட்ல அவரோட சித்தப்பா பையன் இருக்காங்க, ஃபோன் பண்ணோம், எப்ப வேணா வாங்க அண்ணி, ஜூன்லயே ஒரு தடவ வந்து தங்கிப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. ஷட்டர் பேனல் கராஜ்ல வாட்டர் ஹீட்டருக்குப் பின்னாடி நெஜமாவே இருந்துச்சு, நாலு ஜன்னலுக்கு இருக்கு, ரெண்டுக்கு நட் இல்ல.

அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. கஜா புயல்லயே வீட்ட விட்டுப் போகல, இங்க எதுக்கு ஓடணும்ங்கறாங்க. அப்பாவ தூக்கிக்கிட்டு எல்லாம் முடியாது, நீங்க போங்க நாங்க பாத்துக்கறோம்ங்கறாங்க. இத எப்படி சமாளிக்கறது?

---

பினெல்லஸ்_குமரன்:

அன்னைக்குப் போய் வாக்குவாதம் பண்ணாதீங்க, நடக்காது. என் அம்மாவும் அதே தான். இந்த சனிக்கிழமை சும்மா உறவுக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி லேக்லேண்ட் கூட்டிட்டுப் போங்க, ராத்திரி தங்குங்க, அப்பாவுக்கு அங்க எந்த ரூம், பாத்ரூம் எவ்வளவு தூரம், எல்லாம் அவங்களே பாக்கட்டும். போற இடம் தெரிஞ்ச இடமா இருந்தா பாதி பிடிவாதம் போயிடும். அம்மாவோட பைய அம்மாவையே அடுக்கச் சொல்லுங்க. கஜா மாதிரி காத்து மட்டும் இல்லம்மா, இங்க கடலே வீட்டுக்குள்ள வரும்னு ஹெலின் வீடியோ ஒண்ணு ரெண்டு காட்டுங்க, பெர்சனலா மெசேஜ் பண்ணுங்க, என் கராஜ்ல எடுத்தத அனுப்பறேன்.

நட் ஹார்டுவேர் கடைல கெடைக்கும், பழைய ஒண்ண கழட்டி கையோட கொண்டு போங்க, சைஸ் மாறிடும்.

---

தஞ்சாவூர்_பொண்ணு:

சனிக்கிழமை போறோம் அண்ணா. வீடியோ வந்துச்சு, அம்மா ரெண்டு தடவ போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் பேசல. காலைல எந்திரிச்சுப் பாத்தா சாமி ரூம்ல கீழ் தட்டு காலியா இருக்கு, குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், தாத்தா ஃபோட்டோ எல்லாம் மாடில என் பீரோக்குள்ள.